மூன்று விரல் பிஸ்கட்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே கதையை நாலு தடவை சொன்னாலும், கேட்கிறவர்களும் மறந்திருப்பார்கள். ஆனால் இந்தக் கதையை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இதன் முடிவு எனக்கே போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் வளர்ந்தவர்களே, ரயில் சத்தத்தை வைத்தே மணி சொல்லத் தெரிந்தவர்களே, கொஞ்சம் உட்காருங்கள்.

என் வீட்டில் ஒரு கிழட்டுப் பூனை இருக்கிறது. பதினைந்து வயது. சிறுநீரகம் கெட்டுவிட்டது, இன்னும் சில மாதங்கள்தான் என்று கால்நடை டாக்டர் பெண் சொல்லிவிட்டாள். பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பூனையின் பாதத்தை அச்செடுத்து நினைவாக வைத்துக்கொள்வதற்காம். உள்ளே ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடி, ஒரு வட்டத் தட்டு, ஒரு ரிப்பன். டாக்டர் பெண்ணிடம் காட்டினேன்.

"ஆன்ட்டி, இது பிளாஸ்டர். தண்ணி கலந்தா சூடேறும், பாதம் வெந்துடும். உப்பு போட்ட மாவும் வேணாம், நக்கி உள்ள போனா ஆபத்து. இங்க் பேட் கிட்டயே போகாதீங்க."

"அதெல்லாம் எனக்குப் பத்து வயசுலயே தெரியும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். பாவம், கிழவி ஏதோ பெருமையடிக்கிறாள் என்று நினைத்திருப்பாள். ஆனால் நான் சொன்னது சத்தியம். அந்த மூன்று பாடங்களையும் ஒரே டிசம்பரில் படித்தவள் நான்.

அப்போது எங்கள் வீடு ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அப்பாவுக்கு ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்க ஊரார் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், வீட்டுக்கு வந்தால் அம்மா அதிகம் பேசமாட்டாள். அண்ணனுக்குப் பதினாலு, எனக்குப் பத்து. அப்புறம் பொட்டு.

பொட்டு என்பது பூனை. வெள்ளை உடம்பு, நெற்றியில் கறுப்பாக ஒரு வட்டம். சர்ச்சுக்குப் போகிற எங்கள் வீட்டில் யாருக்கும் பொட்டு கிடையாது, பூனைக்கு மட்டும் இருந்தது. குட்டியாக இருந்தபோது எவர் வீட்டு எலிப்பொறியிலோ முன் வலக்காலை வைத்து ஒரு விரலை இழந்திருந்தாள். அந்தக் கால் தரையில் பதிந்தால் மூன்று விரல்தான். மழை நாளில் நனைந்து உள்ளே வந்தால், எங்கள் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரத்தடம் பதியும். ஒரு தடத்தில் நாலு விரல், அடுத்ததில் மூன்று. அது காயும்வரை நானும் அண்ணனும் எண்ணிக்கொண்டே பின்னால் போவோம்.

அண்ணனுக்கு மூச்சிறைப்பு இருந்தது. மழை ஆரம்பித்தால் அவன் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி கேட்கும். அம்மா அவன் சட்டையைத் தூக்கி, முதுகில் காதை ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். எக்ஸ்சேஞ்சில் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான் என்று அப்பா கேலி செய்வார். அந்த வருடம் டாக்டர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டில் பூனை இருக்கிறதா, அப்படியானால் பூனை முடிதான் காரணம், அனுப்பிவிடுங்கள்.

அப்பாவுக்கு டாக்டர் வாக்கு வேதவாக்கு. "கிறிஸ்துமஸ் முடியட்டும். மறுநாளே ஆபீஸ் பியூன் வருவான். சாக்குல போட்டு, பம்மல்ல தோல் பதனிடற ஷெட் பக்கம் விட்டுடுவான். அங்க எலிக்குப் பஞ்சமே இல்ல, ராணி மாதிரி இருக்கும்" என்றார். சாக்கில் போட்டு மூன்று தடவை சுற்றினால் பூனைக்குத் திசை மறந்துவிடும் என்பது பியூன் சொன்ன உத்தி. அதைக் கேட்டதும் எனக்கே தலை சுற்றியது.

அண்ணன் பொட்டைத் தொடவே கூடாது என்று உத்தரவு. அம்மாவின் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். இடது கையை வைத்தான். நவம்பரில் சைக்கிளிலிருந்து விழுந்து அந்தக் கையில் மாவுக்கட்டு போட்டிருந்தது. கட்டுக்குள் இருக்கிற கை செய்த சத்தியம் செல்லாது என்பது அவன் வாதம். அந்தக் கையை வைத்துக்கொண்டு கொசு அடிக்க முடியாதே என்று அவனை மட்டும் முன்னறைக் கட்டிலுக்கு மாற்றி, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய கொசுவலையைக் கட்டியிருந்தார்கள். நாங்கள் மூவரும் வழக்கம்போல உள்ளறையில், கொசுவர்த்திச் சுருள் புகையில் படுத்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டு போகத்தான் போகிறாள் என்று தெரிந்ததும், அவளிடமிருந்து எதையாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. ரயில்வே ஸ்டேஷன் எதிரில் இருந்த போட்டோ ஸ்டூடியோக்காரரிடம் போய்க் கேட்டேன். பூனைக்கெல்லாம் ஃபிலிம் போட முடியாது என்று துரத்திவிட்டார். திரும்பி வரும்போதுதான் தோன்றியது. தரையில் பதிந்து காய்ந்து போகிற அந்த மூன்று விரல் தடம், அது காயாமல் இருந்தால்?

முதல் முயற்சி, அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த ஊதா மை வைத்த ஸ்டாம்ப் பேட். பொட்டின் காலை அதில் அழுத்தி ஒரு தாளில் வைத்தேன். ஒரே திட்டு. அதற்குள் அவள் மையை நக்க ஆரம்பித்துவிட்டாள். நாக்கு ஊதா, மீசை ஊதா. அண்ணன் ஓடி வந்து ஒற்றைக் கையால் அவளைத் தூக்கிக் குழாயடியில் பிடித்தான். நான் சோப்புத் தேய்த்தேன். அன்று மாலை வரை அவள் வாயில் நுரை தள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அடுத்தது, சர்ச்சில் குடில் செய்ய வாங்கி வைத்திருந்த பிளாஸ்டர் பொடி. இரண்டு கை அள்ளிப் பாவாடையில் முடிந்துகொண்டு வந்தேன். தண்ணீர் ஊற்றிக் கலக்கும்போது அண்ணன் பார்த்துவிட்டான்.

"ஏய், இதத்தானடி என் கையில போட்டாங்க. போட்ட கொஞ்ச நேரத்துல கை வெந்துடுச்சுன்னு நெனச்சேன். நர்ஸ்கிட்ட கத்துனேன் தெரியுமா. பொட்டு கால் தாங்குமா?"

சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சும்மா இருந்த தண்ணீர் தானாகச் சூடாகிக்கொண்டிருந்தது. அப்படியே கொல்லையில் கவிழ்த்துவிட்டேன். அது கல்லாக இறுகி ரொம்ப வருடம் அங்கேயே கிடந்தது. அப்பா அதன் மேல் ஏறி நின்றுதான் முருங்கைக்காய் பறிப்பார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, நம் பக்கத்து வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எந்த வீட்டில் அப்போது ஓவன் இருந்தது? வெண்ணெயும் சர்க்கரையும் கை ஓய்கிறவரை அடித்து, முட்டை ஊற்றி, மாவு சேர்த்து, தகர டின்களில் ஊற்றி, மேலே வீட்டு எண் எழுதிய சீட்டை ஒட்டி, மார்க்கெட் பக்கத்து பேக்கரிக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவோம். அந்த பேக்கரிக்காரர் தன் பெரிய விறகு அடுப்பில் வேகவைத்துக் கொடுப்பார். தெருவே வெந்த வெண்ணெய் வாசனையில் மிதக்கும். அந்த வாசனை எனக்கு இப்போதும் எங்கேயாவது அடித்தால், கையில் டின் இல்லையே என்று ஒரு கணம் பதறுவேன்.

அம்மா பலகாரத்துக்கு மைதா பிசைந்துகொண்டிருந்தாள். கெஞ்சிக் கூத்தாடி ஒரு உருண்டை வாங்கினேன்.

"உப்பு போட்டாச்சாம்மா?"

"இல்ல. எதுக்கு?"

"சும்மா."

என் வகுப்பு டீச்சர் கைவேலைக்கு உப்பு மாவில்தான் பழங்கள் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதைத் தின்ற என் தோழி வீட்டு நாய்க்குட்டி மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. ஆகவே வெறும் மைதா, வெறும் தண்ணீர். பொட்டு மீன் தலை தின்றுவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்தோம். உருண்டையை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டினேன். அண்ணன் மாவுக்கட்டுக் கையைச் சுவர் மாதிரி வைத்து அவளைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவள் பாதத்தில் கொஞ்சம் உலர்ந்த மைதாவைத் தடவி, ஒட்டாமல் இருக்க, மெதுவாக வைத்து, மேலிருந்து ஒரு அழுத்து. எடுத்தேன். உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

பார்த்தால், அப்படியே பொட்டு. ஒரு பெரிய குழி, மேலே மூன்று சின்னக் குழி. அண்ணனும் நானும் சத்தம் போடாமல் குதித்தோம்.

ஆனால் பச்சை மாவு எத்தனை நாள் தாங்கும்? வேக வேண்டும். அன்று மாலை அம்மாவோடு பேக்கரிக்குப் போனபோது, அதைத் தாவணித் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். பேக்கரிக்காரர் உள்ளே விறகு தள்ளப் போன நேரம் பார்த்து, எங்கள் டின்கள் இருந்த பெரிய தட்டில் ஒரு மூலையில் வைத்துவிட்டேன். மறுநாள் டின்களை வாங்கும்போது நைசாக எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். சீட்டு ஒட்டவில்லை. திருட்டு பிஸ்கட்டுக்கு எவன் சீட்டு ஒட்டுவான்?

மறுநாள் காலை நாங்கள் போகும்போதே பேக்கரி வாசலில் கூட்டம். வரிசையாக இல்லை, கூட்டமாக. நடுவில் பாட்டு டீச்சர். எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர். சுருதி பிசகினால் குச்சியால் விரல் முட்டியில் தட்டுவார். பேக்கரிக்காரர் நேர்மையானவர். யாருடையது என்று தெரியாத என் பிஸ்கட்டைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்தது பாட்டு டீச்சர் டின் என்பதால், அவருடைய கேக்கோடு சேர்த்துக் காகிதத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார். டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பிரித்திருக்கிறார். பிரித்த வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"இது என்ன? சொல்லுங்க, இது என்ன?" பிஸ்கட்டை மேஜை மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"டீச்சரம்மா, சத்தியமா என் கடையில பூனையே கெடையாது. வேணும்னா உள்ள வந்து பாத்துக்கோ."

"பூனை இல்லாம பூனைக்கால் எப்படி வரும்?"

"அதான் எனக்கும் பிரியல. ராத்திரி பூரா நான் இங்கதான் கீறேன்."

"அப்ப ராத்திரி நீங்க தூங்கும்போது மாவு மேல நடந்திருக்கு."

அவ்வளவுதான். நடந்திருக்கு என்ற சொல் கூட்டம் முழுக்க ஓடியது. ஒரு அம்மாள் தன் ஆறு டின்னும் உள்ளே இருக்கிறது என்று தலையில் கை வைத்தாள். ஒருவர் டின்னைத் திறந்து கேக்கை வெளிச்சத்தில் பிடித்து முடி தேடினார். இன்னொருவர் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதுதான் என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், சர்ச் போதகர் ஐயரிடம் சொல்லி இனிமேல் நம் சபையார் யாரும் இந்தக் கடைக்கு வரக்கூடாது என்று அறிவிக்கச் சொல்லலாம் என்றது. வருடத்தில் இந்தப் பத்து நாளை நம்பித்தான் அந்தக் கடை இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பேக்கரிக்காரர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

சொன்னால், பொட்டின் கால் எப்படி வந்தது என்று கேட்பார்கள். நான் ஒருத்தியாகப் பிடித்திருக்க முடியாது என்று அம்மாவுக்குத் தெரியும். அண்ணன் சத்தியத்தை மீறியது வெளியே வரும். கிறிஸ்துமஸ் மறுநாள் வரை எதற்கு என்று பொட்டு இன்றைக்கே சாக்குக்குள் போவாள். சொல்லாவிட்டால், இந்த மனிதரின் கடை போகும். அவர் துணியை நாலாவது தடவை மடித்தார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அது எங்க பூனை" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். "அது எங்க பூனை. நான்தான் வெச்சேன்."

மொத்தக் கூட்டமும் திரும்பியது. அம்மாவும் திரும்பினாள். அந்தப் பார்வையை விவரிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

பாட்டு டீச்சர் குனிந்தார். "பாப்பா, அவர் பாவம்னு பொய் சொல்லக் கூடாது."

"பொய் இல்ல டீச்சர். எண்ணிப் பாருங்க, மூணு விரல்தான் இருக்கும். எங்க பொட்டுக்கு மூணுதான்."

டீச்சர் கண்ணாடியை மாட்டி எண்ணினார். "மூணுதான். சரி, மத்த பூனைக்கு எத்தனை?"

இங்கேதான் வேடிக்கை. நாலு என்றார் ஒருவர். மனுஷனுக்கு அஞ்சு, பூனைக்கு மட்டும் குறைவா என்றார் இன்னொருவர். மூன்றுதான், கோழிக்கு இல்லையா என்றார் ஒரு பெரிய உத்தியோகஸ்தர். பட்டம் வாங்கினவர்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் என்று அங்கே நின்ற அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் பூனையின் முன்காலில் எத்தனை விரல் பதியும் என்று தெரியவில்லை. வாதம் சூடு பிடித்தது. டீச்சர் குச்சி இல்லாமலே மேஜையைத் தட்டினார்.

"பூனையக் கூட்டிட்டு வா."

ஓடினேன். அப்படி நான் அதற்கு முன்பும் ஓடியதில்லை, பின்பும் ஓடியதில்லை. செருப்பு ஒன்று மார்க்கெட் சேற்றில் போனது, இன்றுவரை திரும்ப வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணன் கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் பொட்டு. மூச்சு முட்ட விஷயத்தைச் சொன்னேன். நான் தூக்கப் போனேன்.

"உன்கிட்ட வர மாட்டா. நான் தூக்கறேன்."

"அம்மா அங்கதான் இருக்காங்கடா."

"தெரியுது. நட."

அவளைத் தன் சட்டைக்குள் போட்டு, மாவுக்கட்டுக் கையால் தாங்கிக்கொண்டு அவன் ஓடினான். மூச்சிறைப்புக்காரன், மூன்று தெரு, நெஞ்சோடு ஒரு பூனை. நான் பின்னால் ஒற்றைச் செருப்போடு. கூட்டம் வழிவிட்டது. சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே நெற்றிப் பொட்டு மட்டும் எட்டிப் பார்த்தது.

டீச்சர் இடது காலைப் பிடித்து, மேலே தொங்குகிற கட்டைவிரல் போக, தரையில் பதிகிற விரல்களை எண்ணினார். நாலு. வலது காலை எண்ணினார். மூன்று. உத்தியோகஸ்தர் இருமினார். ஆறிப்போன பிஸ்கட்டின் குழியில் பொட்டின் பாதத்தை அண்ணன் மெதுவாக வைத்தான். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. வெந்தால் மாவு உப்பும், குழி சின்னதாகும் என்று பேக்கரிக்காரர் விளக்கினார். ஆனால் விரலுக்கு விரல் சரியாக உட்கார்ந்தது. விரல் இல்லாத இடத்தில் குழி இல்லை.

"ஒரு கால் மட்டும், அதுவும் நட்ட நடுவுல. நடந்த பூனைன்னா நாலு கால் வெச்சிருக்கும்" என்றார் டீச்சர். "இது எனக்கு மொதல்லயே தோணியிருக்கணும்." பிறகு பேக்கரிக்காரரைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "தப்பு என்னுது. நான் மன்னிப்புக் கேக்கறேன்."

அந்தச் சத்தத்தில் மிரண்ட பொட்டு காலை உதறினாள். பிஸ்கட் கீழே விழுந்து இரண்டாகவும், பிறகு என் காலடியில் பொடியாகவும் ஆனது. அதுவரை அழாதவள் அப்போது அழுதேன். கடை தப்பியது, கேக் தப்பியது, என்னிடம்தான் ஒன்றும் இல்லை.

பேக்கரிக்காரர் உள்ளே போனார். பன்னுக்குப் பிசைந்த மாவில் கை வைத்தவர், நிறுத்தினார். "ஈஸ்ட் போட்ட மாவு வேணாம். பூனை நக்கிச்சினா வயித்துல போய் ஊதிக்கினு பேஜாராப் பூடும்." வேறு மைதா எடுத்துத் தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்து என் கையில் வைத்தார். "இந்தா பாப்பா. வெளிய படிக்கட்டாண்ட வெச்சு இன்னொன்னு வையி. உள்ள கூட்டினு வந்துறாத, சாமி. இப்பதான் பொழச்சேன்."

படிக்கட்டில் வைத்து இன்னொரு அச்செடுத்தேன். இந்த முறை முப்பது பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். பாட்டு டீச்சர்தான் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லா டின்களும் வெந்து முடிந்து, அடுப்பு தணிந்த பிறகு, பேக்கரிக்காரர் அதைத் தனியாக உள்ளே தள்ளினார். தள்ளும் முன் ஒரு அரைத்தாளை எடுத்துக் கேட்டார்.

"யார் வூட்டுதுன்னு எழுதட்டும்?"

"பொட்டு" என்றேன்.

அப்படியே எழுதினார். வீட்டு எண்களும் குவார்ட்டர்ஸ் எண்களும் எழுதிய சீட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு சீட்டு, பேனாவில், பொட்டு என்று. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கிடைத்த பட்டுப் பாவாடை எந்த நிறம் என்று கேட்டால் தெரியாது. அந்தச் சீட்டை இப்போதும் வரைந்து காட்டுவேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா பாதித் தெரு வரை டின்களைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தாள். பிறகு அண்ணனிடம் கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா. வலைக்குள்ளதான் படுப்பா."

அம்மா அங்கேயே, நடுத்தெருவில், டின்களைக் கீழே வைத்துவிட்டு, அவன் சட்டையைத் தூக்கி முதுகில் காதை வைத்தாள். சைக்கிளில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். இந்தப் பக்கம் கேட்டாள், அந்தப் பக்கம் கேட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் இல்லையே" என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி.

மாலையில் அப்பாவிடம் அவள் சொன்னது இவ்வளவுதான். "பியூனை வர வேணாம்னுடுங்க."

"டாக்டர் சொன்னாரே?"

"டாக்டர் சொன்னார். நான் கேட்டேன்."

பொட்டு அதன்பின் ஏழு வருடம் எங்களோடு இருந்தாள். அண்ணன் கட்டுப் பிரித்த பிறகும் உள்ளறைக்கு வர மறுத்துவிட்டான். முன்னறைக் கட்டிலில் வலைக்குள் அவனும் பூனையும். மூச்சிறைப்பு குறைந்துகொண்டே வந்தது. அம்மா ஜெபம் என்றாள், அப்பா சிரப் என்றார், டாக்டர் தன் கைராசி என்றார். வருடக்கணக்காக அவன் தலைமாட்டில் விடிய விடியப் புகைந்த கொசுவர்த்திச் சுருளை ஒருவரும் சந்தேகப்படவில்லை. எனக்கே அது பட்டது ஐம்பது வயதுக்கு மேல்தான். ஒரு சுருள் செய்த வேலைக்கு ஒரு பூனை சாக்குக்குள் போக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. பாட்டு டீச்சர், நான் கத்திய கத்தலில் குரல் நன்றாக எடுபடுகிறது என்று என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். முட்டியில் அடியும் வாங்கினேன்.

இனி வருவதுதான் எனக்கு வருத்தமாக இருந்த பகுதி. பிஸ்கட்டையும் சீட்டையும் ஒரு தகர டின்னில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், டின் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"பிஸ்கட் எங்கம்மா?"

"எறும்பு. கொட்டிட்டேன்."

இரண்டே சொல். நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அம்மா எப்போதும் பொட்டை அந்த ஜந்து என்றுதான் சொல்வாள். ஒரு நாளும் தடவிக் கொடுத்ததில்லை. பையனுக்காகச் சகித்துக்கொண்டாள், சமயம் கிடைத்ததும் கொட்டிவிட்டாள் என்று எனக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். பெரியவளாகி, என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன்.

அம்மா போன பிறகு அவளுடைய வேதப்புத்தகம் அண்ணன் வீட்டுக்குப் போனது. அவன் முடிச்சூரில் வீடு கட்டியிருந்தான். அந்தப் பெரிய வெள்ளத்தில் அலமாரியில் இரண்டாம் தட்டு வரை தண்ணீர். வேதப்புத்தகம் ஊறி, காய்ந்து, பக்கமெல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தான்.

போன செவ்வாய்க்கிழமை அவனைக் கூப்பிட்டேன். என் கிழட்டுப் பூனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே. மகள் அனுப்பிய பொடியைக் கட்டி மேலே வைத்துவிட்டு மைதா பிசைந்திருந்தேன், உப்பில்லாமல். இந்த வயதில் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். சட்டைப் பையில் இன்ஹேலர். அதைப் பயன்படுத்தவே வேண்டியதில்லையாம், பழக்க தோஷமாம். பூனையை நெஞ்சோடு அணைத்து, பழைய மாவுக்கட்டுக் கையைச் சுவர் மாதிரி வைத்தான். ஒரே அழுத்து. இதற்கு நாலு விரல். ஈரத்துணியால் துடைத்தேன். இருவரும் சத்தம் போடாமல் குதிக்கப் பார்த்தோம், முட்டி ஒத்துழைக்கவில்லை.

அப்புறம் அவன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான்.

"பேத்தி, முடி காய வைக்கற மெஷினை வெச்சு அம்மாவோட பைபிளை ஒவ்வொரு பக்கமா பிரிச்சா. உள்ள இது இருந்துச்சு. பார்த்தா உனக்குத் தெரியும்."

ஒரு அரைத்தாள். ஒரு பக்கம் பேனா மை தண்ணீரில் கரைந்து நீலத் திட்டாகியிருந்தது. அதில் எழுத்து இல்லை, ஆனால் என்ன எழுத்து என்று எனக்குத் தெரியும். திருப்பினேன். மறுபக்கம் பென்சில். வெள்ளம் பென்சிலை ஒன்றும் செய்யவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். நடுவே ஒரு பெரிய குழி, மேலே மூன்று சின்னக் குழி. வட்டத்தின் கீழ்ப்பக்கம் கோடு உள்ளே வளைந்து வளைந்து போயிருந்தது. முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. எறும்பு தின்ற இடம். கொட்டுவதற்கு முன் அம்மா அந்த பிஸ்கட்டைத் தாளின் மேல் வைத்து, சுற்றி வரைந்திருக்கிறாள். தின்றுபோன ஓரத்தைக்கூட விடாமல், உள்ளபடியே வரைந்திருக்கிறாள். என்னிடம் இரண்டு சொல்லுக்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, மூன்று நாள் பேசவே இல்லையே.

அண்ணனும் நானும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு மாறி மாறி அழுதோம், சிரித்தோம். அடுப்பில் புதுப் பாதம் வெந்து வாசனை வந்துவிட்டது. அதற்கு எறும்பு வருவதற்கு முன், நானும் ஒரு பென்சிலைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன்.

என் அம்மாவுக்குப் பூனையே பிடிக்காது என்று உங்களில் சிலரிடம் நான் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.